கண்டித்த மடலைக் காத்த திருச்சபை

மனிதர் தமக்கு வரும் கடிதங்களை இருவகையாகப் பிரித்து வைப்பர். பாராட்டி எழுதப்பட்டவை பெட்டியில் பத்திரமாக இருக்கும். சில வேளைகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரிலும் தொங்கும். குறைகளைச் சுட்டி எழுதப்பட்டவையோ படித்த அன்றே அடுப்புக்குப் போய்விடும். தனி மனிதர்க்கு மட்டுமன்று, சங்கங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இதுவே இயல்பு. ஆனால் தொடக்கத் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டும்போது இவ்வியல்புக்கு மாறான ஒரு குழுமத்தைச் சந்திக்கிறோம். ஏறத்தாழ நாற்பது ஆண்டு இடைவெளியில், தன்னைக் கடிந்து வந்த இரண்டு மடல்களை அது கிழித்தெறியவில்லை. அவற்றைப் பாதுகாத்தது, தன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டியது. அதுவே கொரிந்துத் திருச்சபை.

அவ்விரண்டு மடல்களுள் ஒன்று நாம் அனைவரும் அறிந்தது: திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம். மற்றொன்று நம்மில் பலர் அறியாதது: உரோமைத் திருச்சபையிலிருந்து கொரிந்துக்குச் சென்ற, புனித கிளமெந்தின் பெயரால் வழங்கும் கடிதம். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு, ஒரு திருச்சபை எவ்வாறு பிளவுபடுகிறது, எவ்வாறு திருத்தப்படுகிறது என்னும் பாடம் தெளிவாகக் கிடைக்கும்.

இரு துறைமுக நகர்

கிரேக்க நாட்டின் பழம்பெரும் நகராகிய கொரிந்தை உரோமைப் படைகள் கி.மு. 146இல் அழித்தன. நூறு ஆண்டுகள் பாழடைந்து கிடந்த அந்நகரை கி.மு. 44இல் யூலியு சீசர் மீண்டும் நிறுவினார். புதிய நகரில் குடியேறியோருள் விடுதலை பெற்ற அடிமைகள் பலர் இருந்தனர். மேற்கே இலெக்காயம், கிழக்கே கெங்கிரேயா என இரு துறைமுகங்கள். இரு கடல்களின் வணிகமும் ஒரே நகரில் கைமாறியது. பழைய குலப்பெருமை இல்லாதோர் புதுச் செல்வத்தால் பெருமை தேடிய நகர் அது. யார் பெரியவர், யார் யாருடைய ஆள் என்னும் போட்டி அதன் காற்றிலேயே கலந்திருந்தது.

இந்நகருக்குப் பவுல் கி.பி. 50ஆம் ஆண்டை ஒட்டி வந்து சேர்ந்தார். பேரரசர் கிளவுதியு யூதர்களை உரோமையிலிருந்து வெளியேற்றியதால் அங்கிருந்து வந்திருந்த அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு தங்கி, கூடாரம் செய்யும் தொழிலில் ஈடுபட்டவாறே ஒன்றரை ஆண்டு நற்செய்தி அறிவித்தார். ஆளுநர் கல்லியோவின் முன் அவர் நிறுத்தப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. டெல்பி நகரில் கிடைத்த ஒரு கல்வெட்டைக் கொண்டு, கல்லியோ கி.பி. 51-52ஆம் ஆண்டளவில் ஆளுநராக இருந்தார் என அறிகிறோம். பவுலின் வாழ்க்கையில் காலம் உறுதியாகத் தெரியும் நிகழ்வுகளுள் இது முதன்மையானது.

அவர் உருவாக்கிய குழுமத்தில் நகரின் பொருளாளர் எரஸ்து போன்றோரும் இருந்தனர், அடிமைகளும் இருந்தனர். ஞானிகளும் வலியோரும் உயர்குடியினரும் தங்களுள் அதிகம் இல்லை என்பதைப் பவுலே அவர்களுக்கு நினைவூட்டினார். ஒரே அப்பத்தைப் பகிர வந்தவர்கள் அவரவர் ஏற்றத்தாழ்வுகளையும் சுமந்துகொண்டே வந்தார்கள்.

பவுலின் கடிந்துரை

பவுல் புறப்பட்டுச் சென்று சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் எபேசில் இருந்தபோது கொரிந்திலிருந்து செய்தி வந்தது. அதைக் கொணர்ந்தவர் யார் என்பதை அவர் மறைக்கவில்லை. குலோயி வீட்டார் சொன்னார்கள் என்று பெயர் குறிப்பிட்டே எழுதினார். கி.பி. 54 அல்லது 55ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அத்திருமுகம், பெயர் சொல்லத் தயங்காத சாட்சிகளின் வாக்கைக் கொண்டு தொடங்கியது என்பது நம் கவனத்திற்குரியது.

அதில் அவர் சுட்டும் குறைகள் சிறியவை அல்ல. பவுலைச் சார்ந்தோர், அப்பொல்லோவைச் சார்ந்தோர், கேபாவைச் சார்ந்தோர் எனக் கட்சிகள். தந்தையின் மனைவியோடு வாழ்ந்த ஒருவனைப் பற்றி வெட்கமின்றி இருந்த சபை. உடன்பிறப்புக்கு எதிராக உடன்பிறப்பு நம்பிக்கையில்லாதோரின் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டவரின் திருவிருந்திலேயே ஒருவர் பசித்திருக்க மற்றொருவர் குடிவெறி கொண்ட அவலம். ஏழையை வெட்கப்படுத்தி உண்ணும் உணவை ஆண்டவரின் திருவிருந்து என்று சொல்ல முடியாது என்பதே பவுலின் தீர்ப்பு.

இது தனியறையில் படிக்கப்பட்ட கடிதம் அன்று என்பதை நாம் மறந்துவிடலாகாது. அக்காலத்தில் திருமுகங்கள் கூடியிருந்த சபையின் நடுவே உரத்த குரலில் வாசிக்கப்பட்டன. ஏதோ ஓர் இல்லத்தின் முற்றத்தில் கொரிந்துக் கிறிஸ்தவர்கள் கூடியிருக்கிறார்கள். வழக்குத் தொடுத்தவரும் தொடுக்கப்பட்டவரும் அங்கே இருக்கிறார்கள். முன்னதாக வந்து வயிறார உண்டவர்களும், வேலை முடித்துத் தாமதமாக வந்து வெறும் தட்டைக் கண்ட அடிமைகளும் அங்கே இருக்கிறார்கள். ஒவ்வொரு வரியும் யாரைக் குறிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்பைப் பற்றிய புகழ்பெற்ற பதின்மூன்றாம் அதிகாரத்தை நாம் திருமண வேளையில் இனிமையாக வாசிக்கிறோம். முதன்முதலில் அதைக் கேட்டவர்களுக்கு அது இனித்திருக்காது. தங்களிடம் எது இல்லை என்பதன் பட்டியலாகவே அது ஒலித்திருக்கும்.

பவுல் கொரிந்துக்கு எழுதியவை எல்லாம் எஞ்சவில்லை. முதல் திருமுகத்துக்கு முன்னரே ஒரு கடிதம் எழுதியதை அவரே குறிப்பிடுகிறார். கண்ணீரோடு எழுதிய மற்றொன்றைப் பற்றியும் இரண்டாம் திருமுகத்தில் பேசுகிறார். முன்னது நம் கைக்கு வரவில்லை. கண்ணீர்க் கடிதமும் தொலைந்துபோனதாகவே அறிஞர் பலர் கருதுவர். பாப்பிரசுத் தாள் நம் ஓலைச்சுவடியைப் போன்றது. படியெடுத்துப் பேணாவிடில் அழிந்துவிடும். அப்படியிருக்க, தங்களை இத்துணைக் கடுமையாகச் சாடும் முதல் திருமுகத்தைக் கொரிந்தியர் பேணி வைத்திருந்தார்கள் என்பதற்கு நமக்குச் சான்று இருக்கிறது. அச்சான்றைத் தருவதுதான் கிளமெந்தின் கடிதம்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்

முதல் நூற்றாண்டின் இறுதியில் கொரிந்தில் மீண்டும் பிளவு எழுந்தது. இம்முறை கொள்கைத் திரிபோ ஒழுக்கக்கேடோ காரணம் அன்று. இளையோர் சிலர் முதியோருக்கு எதிராகக் கிளம்பி, குறையின்றிப் பணியாற்றிவந்த மூப்பர்கள் சிலரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டனர். கலகத்தின் வேர் ஓரிருவரே என்கிறது கடிதம். ஆனால் அச்செய்தி வெளியாரின் காதுக்கும் எட்டி, ஆண்டவரின் பெயருக்கு இழுக்குத் தேடித் தந்தது.

உரோமைத் திருச்சபை கொரிந்துக்கு எழுதியது. கடிதம் கி.பி. 96ஆம் ஆண்டை ஒட்டியது என்பது பெரும்பான்மையான அறிஞரின் கருத்து. தங்களுக்கு அடுத்தடுத்து நேர்ந்த இன்னல்களால் எழுதத் தாமதமாயிற்று என அது தொடங்குகிறது; பேரரசர் தொமீசியனின் இறுதி ஆண்டுகளில் நிகழ்ந்த கொடுமைகளை இது சுட்டுவதாகக் கருதுவர். உரோமைத் திருச்சபை, கொரிந்துத் திருச்சபை என்று கூறும்போது, அந்நகர்களில் வழிப்போக்கராய்த் தங்கியிருக்கும் திருச்சபை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லை அது ஆள்கிறது. பங்கு என்பதைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்கள் அந்த வேரிலிருந்தே பிறந்தன. வழிப்போக்கர்களுக்குள் தங்குமிடத்தைக் குறித்துச் சண்டை எதற்கு என்னும் கேள்வி அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

கடிதம் பிளவின் காரணத்தைப் பொறாமை என்று பெயரிட்டு அழைக்கிறது. காயின் ஆபேலைக் கொன்றது, யோசேப்பு விற்கப்பட்டது, ஆரோனும் மிரியாமும் பாளையத்துக்கு வெளியே நின்றது, தாத்தானும் அபிராமும் மண்ணுக்குள் மூழ்கியது, தாவீதைச் சவுல் துரத்தியது என மறைநூலிலிருந்து வரிசையாகச் சான்று காட்டுகிறது. பின்னர் தம் தலைமுறைக்கே வருகிறது: பேதுருவையும் பவுலையும் துன்பத்துக்கும் சாவுக்கும் இட்டுச் சென்றதும் பொறாமையே என்கிறது. நீரோ காலத்துக் கொடுமை நிகழ்ந்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அத்திருத்தூதர்களை நேரில் கண்டவர்கள் இன்னும் வாழ்ந்திருக்கக்கூடிய நகரிலிருந்து வந்த சொற்கள் இவை.

இதன் பின் கடிதம் ஒரு முக்கிய உண்மையை எடுத்துரைக்கிறது. கிறிஸ்து தந்தையிடமிருந்தும், திருத்தூதர் கிறிஸ்துவிடமிருந்தும் வந்தனர். திருத்தூதர் தம் பணி தொடருமாறு கண்காணிப்பாளர்களையும் திருத்தொண்டர்களையும் ஏற்படுத்தினர். அவர்களுக்குப் பின்னும் தகுதி வாய்ந்தோர் முழுத் திருச்சபையின் இசைவோடு நியமிக்கப்பட்டனர். இப்பகுதியை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கத்தில் சான்றாகக் காட்டியுள்ளது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றமின்றிப் பணியாற்றியவரை நீக்குவதே பாவம் என்று கடிதம் கூறுகிறது. குற்றம் புரிந்த பணியாளர்க்கு அது கேடயம் ஆகாது. மக்களின் இசைவையும் பணியாளரின் மாசின்மையையும் அது சேர்த்தே பேசுகிறது.

இங்கேதான் நாம் தேடிய சான்று வருகிறது. பவுல் உங்களுக்கு எழுதிய திருமுகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள் என்னும் பொருள்பட உரோமையர் எழுதுகின்றனர். கட்சிப் பிளவு பற்றி அவர் அன்று எழுதியதை நினைவூட்டி, அன்று நீங்கள் திருத்தூதர்களின் பெயரால் பிளவுபட்டீர்கள், இன்றோ யாரோ சிலரின் பெயரால் பிளவுபடுகிறீர்கள் என்று வருந்துகின்றனர். அம்மடல் கொரிந்தில் இல்லையென்றால் இவ்வாறு எழுதியிருக்க இயலாது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அது கொரிந்தியரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

மொட்டைக் கடிதம் அன்று

உரோமைத் திருச்சபை திருத்திய முறையும் நமக்குப் பாடம். கிளமெந்தின் பெயர் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. எழுதியவர் அவரே என்பதைப் பிற்கால மரபிலிருந்து அறிகிறோம். தனி மனிதரின் பெயர் இல்லாத காரணத்தால் அதை மொட்டைக் கடிதம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. ஒரு முழுத் திருச்சபை தன் பெயரை முதல் வரியிலேயே வெளிப்படையாக இட்டிருக்கிறது. அதனைக் கொண்டுசென்றவர்களின் பெயர்களும் கடிதத்தில் உள்ளன: கிளவுதியு எபேபு, வலேரியு பித்தோ ஆகியோரும் அவர்களோடு பொர்த்துனாத்தும். இளமை முதல் முதுமை வரை தங்களிடையே மாசற வாழ்ந்தவர்களையே அனுப்புவதாக உரோமையர் கூறுகின்றனர். அவர்கள் கடல் கடந்து சென்று, கண்டிக்கப்பட்டவர்களின் முன் நின்று, கேள்விகளுக்கு விடை கூற வேண்டியவர்கள்.

நம் பங்குகளில் எழும் பூசல்களில் மொட்டைக் கடிதங்கள் எத்துணை நஞ்சைப் பரப்பியிருக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆயருக்கும் அதிகாரிகளுக்கும் செல்லும் அவ்வெழுத்துகளில் உண்மையும் இருக்கலாம். ஆனால் எழுதியவர் நேரில் நிற்க மறுப்பதால் அவ்வுண்மையும் பயனற்றுப் போகிறது. குலோயி வீட்டார் நின்றார்கள். உரோமையின் முதியவர்கள் நின்றார்கள். அதனால்தான் அவர்களின் சொல் திருத்தும் ஆற்றல் பெற்றது.

மற்றொன்றும் உண்டு. கடிதம் கொரிந்தியரைக் கண்டிக்கும்போதே, உங்களுக்கு அறிவுரை கூற மட்டுமன்று, எங்களுக்கு நாங்களே நினைவூட்டவும் எழுதுகிறோம், ஒரே போராட்டக் களத்தில்தான் நாங்களும் நிற்கிறோம் என்னும் கருத்தை வெளியிடுகிறது. உரோமைத் திருச்சபையின் முதன்மைப் பொறுப்புக்குத் தொடக்கக் காலச் சான்றாகக் கத்தோலிக்க இறையியலார் இக்கடிதத்தைக் காட்டுவர். அது பொருத்தமே. ஆனால் அப்பொறுப்பு எந்தக் குரலில் பேசியது என்பதையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். கீழ்ப்படியாதோர்க்கு வரும் ஆபத்தை அது எச்சரிக்கிறது. எனினும் கண்டிப்பவரும் கண்டிக்கப்படுபவரும் அதில் ஒரே மண்ணில் நிற்கின்றனர்.

விலகிச் செல்லும் பெருந்தன்மை

கலகம் செய்தோருக்குக் கடிதம் கூறும் வழி நம்மை வியக்க வைக்கிறது. அவர்களைத் துரத்துங்கள் என்று அது மற்றவர்களைத் தூண்டவில்லை. உங்களுள் பெருந்தன்மையுள்ளவர் யார் என்று கேட்கிறது. என் பொருட்டுப் பூசல் எழுமானால், நான் விலகுகிறேன், மக்கள் சொல்லும் இடத்துக்குச் செல்கிறேன், கிறிஸ்துவின் மந்தை மட்டும் தன் மூப்பர்களோடு அமைதியாக இருக்கட்டும் என்று சொல்லக்கூடியவரே பெரியவர் என்கிறது. தம் மக்களைக் காக்கச் சாவை ஏற்ற பிற இனத்து அரசர்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. யூதித்தையும் எஸ்தரையும் சொல்கிறது. தங்களுள் பலர் பிறரை மீட்கும்பொருட்டுத் தாமே சிறைப்பட்டதையும், தம்மை அடிமைகளாக விற்று அவ்விலையால் பசித்தோர்க்கு உணவளித்ததையும் குறிப்பிடுகிறது. உரோமைக் கிறிஸ்தவர்கள் விட்டுக்கொடுத்தலைப் பற்றி வெறும் சொல்லாகப் பேசவில்லை. விட்டுக்கொடுத்தவர்களை அவர்கள் அறிந்திருந்தனர்.

கடிதத்தின் இறுதியை ஒட்டி நீண்டதொரு மன்றாட்டு இடம்பெறுகிறது. துன்புறுவோர், நோயுற்றோர், பசித்தோர், சிறைப்பட்டோர், வழிதவறியோர் ஆகியோருக்காகவும், நாட்டை ஆள்வோருக்காகவும் அது இறைஞ்சுகிறது. தம் மக்களைக் கொன்ற பேரரசின் ஆட்சியாளருக்கு நலமும் அமைதியும் வேண்டிய உதடுகள், உடன்பிறப்போடு பகைமை பாராட்டும் கொரிந்தியரை நாணச் செய்திருக்கும்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும்

தூதர்கள் கொரிந்தை அடைந்த பின் நடந்தவற்றை விளக்கும் ஏடு எதுவும் இல்லை. ஆனால் அதைவிட மேலான ஒரு சான்று உண்டு. கி.பி. 170ஆம் ஆண்டளவில் கொரிந்தின் ஆயராக இருந்த தியோனிசியு, உரோமையருக்கும் அவர்களின் ஆயர் சொத்தேருக்கும் ஒரு கடிதம் எழுதினார். நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் எவுசேபியு அதன் பகுதிகளைப் பாதுகாத்துத் தந்துள்ளார். உரோமையர் அண்மையில் அனுப்பிய கடிதத்தைத் தாங்கள் ஆண்டவரின் நாளில் வாசித்ததாகவும், முன்னர் கிளமெந்து வழியாக எழுதப்பட்டதைப் போலவே இதனையும் தங்கள் அறிவுரைக்காக என்றும் வாசித்து வருவதாகவும் தியோனிசியு அதில் கூறுகிறார்.

எண்ணிப் பார்ப்போம். கலகம் செய்தவர்களும் நீக்கப்பட்டவர்களும் இறந்து மண்ணாகிவிட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஞாயிறு வழிபாட்டில் அமர்ந்து, தங்கள் பாட்டனாரின் பொறாமையைப் பற்றிய கடிதத்தைக் கேட்கின்றனர். அதை மறைக்க வேண்டும், குடும்பத்தின் மானம் போகிறது என்று அவர்கள் நினைக்கவில்லை. தங்களுக்குப் பயன் தருவது என்று நினைத்தனர்.

பிற திருச்சபைகளும் அக்கடிதத்தைப் போற்றின. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியக் கையெழுத்துப்படியில் புதிய ஏற்பாட்டின் இறுதியில் அது எழுதப்பட்டிருக்கிறது. அப்படியைக் கொண்டு 1633இல் அது முதன்முதலாக அச்சேறியது. ஆயினும் இடையில் ஓர் ஏடு தொலைந்திருந்தது. கான்ஸ்டாண்டிநோப்பிளில் 1056ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படியொன்றை 1873இல் கண்டெடுத்த பிலொத்தேயு பிரையெனியு, 1875இல் முழுக் கடிதத்தையும் வெளியிட்டார். நாம் மேலே கூறிய மன்றாட்டு அந்த விடுபட்ட ஏட்டில் இருந்ததே.

கிழிந்த தாள்

நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் பழைய நாட்குறிப்பு ஏட்டைப் புரட்டியபோது, ஆயரின் சந்திப்பைக் குறிக்கும் இடத்தில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கக் கண்டோம். அது கரையான் அரித்ததன்று; அளவுகோல் வைத்துக் கிழித்ததைப் போல விளிம்பு நேராக இருந்தது. அவ்வூரில் அக்காலத்தில் பெரும் பூசல் இருந்ததாக முதியோர் கூறினர்; யாருக்கும் முழு விவரம் தெரியவில்லை. கிழித்தவர் பங்கு மக்களுள் ஒருவராகவும் இருக்கலாம். நமக்கு முன் அங்கிருந்த குருவாகவும் இருக்கலாம். பூசலின் விதை மட்டும் மண்ணில் எஞ்சி, நம் காலத்தில் மீண்டும் முளைத்தது. அப்போது யாருக்கும் வாசித்துக் காட்ட நம்மிடம் ஏடு இல்லை.

கொரிந்து குறையற்ற திருச்சபை அன்று. ஒரே தவற்றை இருமுறை செய்த திருச்சபை அது. ஆனால் இரண்டாம் முறை தவறியபோது, முதல் முறை பெற்ற மடல் அதன் கையில் இருந்தது. அதை எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல உடன்பிறப்புகளால் முடிந்தது. குருக்களாகிய நாமும் இதனை நெஞ்சில் கொள்ள வேண்டும். மறையுரையில் பிறரைக் கண்டிக்கும் நாம், நம்மைக் கண்டித்து வரும் கடிதத்தை எங்கே வைக்கிறோம்? பெயரிட்டு, அன்போடு, நேரில் நின்று குறை கூறும் பொதுநிலையினரை எதிரி என்கிறோமா, எபேசுக்கு வந்த குலோயி வீட்டார் என்கிறோமா?

நவம்பர் 23ஆம் நாள் புனித கிளமெந்தின் நினைவு. முதல் நற்கருணை மன்றாட்டில் லீனு, கிளீட்டு ஆகியோரை அடுத்து அவர் பெயரைச் சொல்கிறோம். அந்த நாளுக்கு முன் ஒரு மாலையில், கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அமர்வில், குடும்பத்தோடு, உரக்க வாசித்துப் பார்ப்போம். அம்முற்றத்தில் நாமும் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்வோம். எந்த வரி வரும்போது நம் தலை தாழ்கிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஓர் அடையாளம் இட்டு வைப்போம். நம் பிள்ளைகள் ஒருநாள் அப்பக்கத்தைத் திறப்பார்கள்.